‘இல்’ ஒன்று, ஆங்கிலத்தில் மூன்று: உவர்மலை மாலை வகுப்பு பற்றிய ஒரு மதிப்பீடு

திருகோணமலை நகரின் உவர்மலையில் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை ஒருவர் தமது வீட்டு விறாந்தையில் சனி, ஞாயிறு மாலைகளில் நடத்தும் எட்டு வார வகுப்பொன்றைக் கடந்த மாதம் முடித்தேன். பேச்சு ஆங்கிலம் முழுவதையும் கற்றுத் தருவதாக அந்த வகுப்பு வாக்களிப்பதில்லை. ஓர் ஆளோ பொருளோ எங்கே இருக்கிறது என்பதை ஆங்கிலத்தில் பிழையின்றிச் சொல்லவும் எழுதவும் பழக்குவது மட்டுமே அதன் வேலை. அதாவது இடப்பெயருக்கு முன்னால் ‘அட்’ வருமா, ‘ஒன்’ வருமா, ‘இன்’ வருமா, அல்லது இவை மூன்றும் அல்லாத வேறொரு முன்னிடைச்சொல் வருமா என்று தெரிவு செய்வது. பதினாறு வகுப்புகளுக்கும் சேர்த்துக் கட்டணம் 8,000 ரூபா. பயிற்சித் தாள்களுக்குத் தனியாகப் பணம் வாங்குவதில்லை. இவ்வளவு சிறிய பொருளுக்கு எட்டு வாரம் வேண்டுமா என்று சேர்வதற்கு முன் நானும் எண்ணினேன். இப்போது அந்த எண்ணம் இல்லை. விருந்தினர் விடுதி, படகு, ஓட்டோ, வரவேற்பு மேசை என்று வெளியூராருக்கு வழி சொல்லிப் பிழைக்கும் எவருக்கும் இந்த வகுப்பைப் பரிந்துரைப்பேன். திருத்தப்பட வேண்டிய குறைகளும் அதில் உண்டு, அவற்றையும் எழுதுகிறேன்.

நான் உப்புவெளியில் அக்காவுடன் சேர்ந்து மூன்று அறைகள் கொண்ட ஒரு விடுதியை நடத்துகிறேன். விருந்தினருடன் நேரில் பேசுவதில் எனக்குப் பெரிய தடை இருந்ததில்லை, ஏனெனில் சொல் தடுமாறும் இடத்தில் கையால் காட்டிவிடலாம். செய்தி எழுதும்போது அந்த உதவி இல்லை. கடந்த ஆண்டு மட்டக்களப்பிலிருந்து பஸ்ஸில் வந்த வயதான தம்பதியர் இருவரைக் கிண்ணியாப் பாலத்தின் தென்கரையில் இறங்கச் சொல்லி, எங்களுக்குப் பழக்கமான ஓட்டோக்காரர் ஒருவரை அங்கே அனுப்பியிருந்தேன். அவர்களைக் கன்னியா வெந்நீரூற்றுக்கு அழைத்துச் சென்ற பின் விடுதிக்குக் கொண்டுவருவதாக ஏற்பாடு. ‘பாலத்தடியில் நில்லுங்கள்’ என்று மனத்தில் நினைத்து, ‘வெயிற் அண்டர் த பிரிட்ஜ்’ என்று எழுதி அனுப்பினேன். அவர்கள் நான் எழுதியதை எழுதியபடியே செய்தார்கள். பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வீதியிலிருந்து சரிவில் இறங்கி, பாலத்தின் அடிப்பக்கத்தில் தண்ணீர் ஓரமாக நின்றார்கள். ஓட்டோக்காரர் மேலே, பாலம் தொடங்கும் இடத்தில் நின்றார். 396 மீற்றர் நீளமான பாலம் அது. 2009ஆம் ஆண்டு திறக்கப்பட்டபோது நாட்டிலேயே நீளமானது என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அதன் மேலும் கீழுமாக ஒருவரையொருவர் காணாமல் அவர்கள் முக்கால் மணி நேரம் காத்திருந்தார்கள். அந்த அம்மா முழங்கால் வலியுடன் திரும்பவும் மேடேறி வந்ததைக் கேட்டபோது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. அவர்கள் என்னைக் குறை சொல்லவில்லை; ஆனாலும் பிழை என்னுடையதுதான்.

முதல் நாள் வகுப்பில் ஏன் சேர்ந்தீர்கள் என்று ஆசிரியை ஒவ்வொருவரிடமும் கேட்டபோது இதைச் சொன்னேன். அவர் அதையே அன்றைய பாடமாக எடுத்துக்கொண்டார். நம் பேச்சில் கோயிலடி, சந்தியடி, பள்ளியடி, ஆலடி, பாலத்தடி என்று சொல்கிறோம். இவற்றில் வரும் ‘அடி’ கீழ்ப்பக்கத்தைக் குறிப்பதில்லை. சந்தியடியில் நிற்பவர் சந்திக்குக் கீழே நிற்பதில்லை. அந்தச் சந்தியை அடையாளமாகக் கொண்டு, அதன் அண்மையில் எங்கோ நிற்கிறார். ஆங்கிலத்தின் ‘அட்’ செய்யும் வேலையும் பெரும்பாலும் இதுவே. “உங்களுக்கு ‘அட்’ தெரியாது என்று நினைக்காதீர்கள், தம்பி. ‘கோயிலடி’ என்று சொல்லத் தெரிந்தவருக்கு ‘அட்’ ஏற்கெனவே தெரியும்” என்றார். பாடசாலைக் காலத்தில் எத்தனையோ முறை மனப்பாடம் செய்த விதி அந்த ஒரு வாக்கியத்தில் எனக்குப் புரிந்தது. நான் எழுதியிருக்க வேண்டியது ‘அட் த பிரிட்ஜ்’. இன்னும் நன்றாக எழுதியிருந்தால், பாலத்தின் கிண்ணியாப் பக்க முனையில் என்று அதே ‘அட்’ கொண்டு எழுதியிருப்பேன்.

இந்த வகுப்பின் சிறப்பு இதில்தான் இருக்கிறது. பிற ரியூஷன் வகுப்புகளில் ‘இன்’ என்றால் உள்ளே, ‘ஒன்’ என்றால் மேலே, ‘அட்’ என்றால் இல் என்று ஒரு பட்டியலைக் கரும்பலகையில் எழுதிப் பிரதி பண்ணச் சொல்வார்கள். நானும் அப்படித்தான் படித்தேன். அந்தப் பட்டியலைக் கொண்டு ஒரு வாக்கியத்தையும் நம்பி எழுத முடியாது, ஏனெனில் தமிழில் நாம் பேசும்போது இம்மூன்று இடங்களிலும் ‘இல்’ என்ற உருபே வந்து நிற்கிறது: சந்தியில், சுவரில், பெட்டியில். மேசைமேல் கிடப்பதையும் மேசையில் என்கிறோம். மேசை லாச்சிக்குள் இருப்பதையும் மேசையில் என்று சொன்னால் கேட்பவர் தவறாக நினைப்பதில்லை. இது தமிழின் குறை என்று ஆசிரியை ஒருபோதும் சொல்லவில்லை. நன்னூல் ஏழாம் வேற்றுமைக்கு 28 உருபுகளைக் கூறுகிறது. மேல், கீழ், முன், பின், உள், புறம், இடை, வலம், இடம் எல்லாம் அதில் உண்டு, ‘இல்’ அந்த வரிசையின் கடைசியில் வருகிறது. தேவையான இடத்தில் நுணுக்கமாகச் சொல்லத் தமிழுக்குத் தெரியும். தேவையில்லாத இடத்தில் கேட்பவரின் அறிவை நம்பி விட்டுவிடுகிறது. திருஞானசம்பந்தர் கோணமாமலையைப் பாடிய பதிகத்தில் மலைக்கும் அதில் அமர்ந்தவருக்கும் இடையே உருபே வைக்கவில்லை. மலை என்ற சொல்லை அடுத்து அமர்ந்தார் என்ற சொல் வருகிறது, பொருள் விளங்கிவிடுகிறது. ஆங்கிலம் அப்படி விடுவதில்லை. ஒவ்வொரு முறையும் பேசுபவரை நிறுத்தி, இந்த இடத்தை நீ எப்படிப் பார்க்கிறாய் என்று கேட்கிறது.

அந்தக் கேள்வியை ஆசிரியை மூன்றாகப் பிரித்துக் கற்பித்தார். இடத்தை ஒரு புள்ளியாக மட்டும் எண்ணினால் ‘அட்’. ஒரு கோடாகவோ பரப்பாகவோ எண்ணினால் ‘ஒன்’. எல்லைகள் சூழ்ந்த வெளியாக எண்ணினால் ‘இன்’. எந்த இலக்கண நூலிலும் கிடைக்கும் விளக்கம்தான் இது. ஆனால் அதைத் தாளில் விடாமல் நான்காவது வாரம் எங்களைக் கோணேசர் கோயிலுக்கு அழைத்துச் சென்று அங்கே நிறுத்திக் கற்பித்த விதத்தை நான் வேறெங்கும் காணவில்லை.

கோட்டை வாசலால் நுழைந்து, போர்த்துக்கேயர் 1624இல் கட்டி, பின்னர் ஒல்லாந்தரிடமும் ஆங்கிலேயரிடமும் கைமாறிய அந்த மதில்களைக் கடந்து, மான்கள் மேயும் நிழல் வீதியால் ஏறி, சுவாமி மலையின் உச்சியை அடைந்தோம். கோயில் வாசலுக்கு வெளியே கடல் தெரியும் இடத்தில் எங்களை நிறுத்தி, ஆசிரியை தமது கைபேசியை எடுத்து எங்களில் ஒருவரை அழைப்பது போல் ஒரு கேள்வி கேட்டார்: “இப்போது எங்கே நிற்கிறீர்கள்?” ஒருவர் ‘அட் த ரெம்பிள்’ என்றார். அடுத்தவர் ‘ஒன் த ரொக்’ என்றார். மூன்றாமவர் ‘இன் த ஃபோர்ட்’ என்றார். எது சரி என்று நாங்கள் அவரைப் பார்த்தோம். மூன்றும் சரி என்றார். ஒரே ஆள், ஒரே நேரம், ஒரே நிலம். ஆயினும் சந்திக்க வருபவருக்குச் சொல்லும்போது கோயில் ஓர் அடையாளப் புள்ளி, காற்று பலமாக அடிக்கிறது என்று சொல்லும்போது மலை காலுக்குக் கீழே இருக்கும் ஒரு பரப்பு, வாசல் மூடும் நேரத்தைக் கேட்கும்போது கோட்டை மதில் சூழ்ந்த ஒரு வெளி. முன்னிடைச்சொல் இடத்தோடு ஒட்டிப் பிறந்ததன்று, சொல்பவர் அந்த இடத்தை எதற்காகக் குறிப்பிடுகிறார் என்பதிலிருந்து பிறக்கிறது என்பதை அந்த மலையுச்சியில் நின்றபோது நான் விளங்கிக்கொண்டேன். எட்டு வாரத்தில் இந்த ஒரு மாலை மட்டுமே கிடைத்திருந்தாலும் நான் கொடுத்த பணம் எனக்குப் பெரிதாகத் தோன்றியிராது.

இறங்கி வரும் வழியில் துறைமுகத்தைப் பற்றியும் இவ்வாறே பேசினோம். உட்துறைமுகத்தில் கப்பல் நிற்கிறது என்றால் ‘இன்’, ஏனெனில் துறைமுகம் கப்பலைச் சூழ்ந்திருக்கிறது. கப்பலைப் பார்க்க நாம் துறைமுகத்தில் நிற்கிறோம் என்றால் ‘அட்’. ‘இன்’ போட்டால் கேட்பவர் நம்மைத் தண்ணீருக்குள் நினைத்துக்கொள்ளக்கூடும். துறைமுகத்தை நோக்கிய கரையோர உணவகம் என்றால் ‘ஒன்’, அது நீரின் விளிம்புக் கோட்டைத் தொட்டு நிற்கிறது. ஆற்றங்கரையிலோ கடற்கரையிலோ அமைந்த ஊருக்கும் இதே ‘ஒன்’ பொருந்தும். திருகோணமலை கிழக்குக் கரையில் இருக்கிறது என்பதில் கரை ஒரு கோடு. கிழக்கு மாகாணத்தில் இருக்கிறது என்பதில் மாகாணம் ஒரு வெளி. மீனவர் தொழிலுக்குப் போய்க் கடலில் இருக்கிறார் என்பதற்கு ‘அட் சீ’ என்றும், பிள்ளைகள் கடலில் குளிக்கிறார்கள் என்பதற்கு ‘இன் த சீ’ என்றும் வரும். படகு ஓட்டும் அண்ணர் ஒருவர் எங்களுடன் படித்தார். தம் அண்ணன் கடலில் இருக்கிறார் என்று ஒரு வெள்ளைக்காரரிடம் ‘இன்’ போட்டுச் சொன்னபோது, அவர் கரையோரம் குளிப்பவர்களிடையே தேடிப் பார்த்ததை அன்றுதான் புரிந்துகொண்டதாகச் சொன்னார்.

வீதி பற்றிய பாடம் எனக்கு நேரடியாகப் பயன்பட்டது. எங்கள் விடுதி நிலாவெளி வீதியில் இருக்கிறது. பிரித்தானிய ஆங்கிலத்தில் சிறிய தெருவுக்கு ‘இன்’ வழக்கமாக வரும், அமெரிக்க ஆங்கிலத்தில் ‘ஒன்’ வரும். நெடுஞ்சாலைக்கு இருவருமே ‘ஒன்’ போடுவார்கள். வீட்டு இலக்கத்தோடு சொன்னால் ‘அட்’. வீதியின் பெயரைச் சொல்லாமல் ‘இன் த ரோட்’ என்று சொன்னால், வாகனம் ஓடும் பாதையின் நடுவே நிற்கும் பொருள் வந்துவிடும். இதற்கு ஆசிரியை கொடுத்த உதாரணம் நம்மூர்க்காரர் எவருக்கும் மறக்காது: மான்கள். கோட்டைப் பக்கமும் நகரத்திலும் புள்ளிமான்கள் வீதிக்கு வந்து நிற்பதை நாம் அன்றாடம் காண்கிறோம். மான் ‘இன் த ரோட்’ நின்றால் வண்டியை நிறுத்த வேண்டும். கடை ‘ஒன் த ரோட்’ இருந்தால் இறங்கிச் சாமான் வாங்கலாம். எங்கள் விடுதியின் அறிவிப்பில் பல காலமாக இருந்த ‘இன் த ரோட்’டை மறுநாளே மாற்றினேன்.

மூலை, வாகனம், மாடி ஆகியவற்றுக்கு ஒரே வகுப்பை ஒதுக்கி வேகமாக முடித்துவிட்டார். அறையின் மூலைக்கு ‘இன்’, தெரு முனைக்கு ‘அட்’ அல்லது ‘ஒன்’. தமிழில் மூலை, முனை என்று பெயர்ச்சொல்லை மாற்றிச் சொல்லும் வேறுபாட்டை ஆங்கிலம் முன்னிடைச்சொல்லை மாற்றிச் சொல்கிறது என்ற குறிப்பை நான் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். எழுந்து நடக்கக்கூடிய பஸ், புகையிரதம், கப்பல் ஆகியவற்றுக்கு ‘ஒன்’; குனிந்து ஏறி அமரும் கார், ஓட்டோ ஆகியவற்றுக்கு ‘இன்’. புறாத்தீவுக்குப் போகும் சிறு ஃபைபர் படகுக்கு ‘இன்’ பொருந்தும்.

அந்தப் புறாத்தீவே ஒரு முழு வகுப்புக்குப் பொருளானது, அது நியாயமும்கூட. நிலாவெளிக் கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் தூரத்தில் கடலுக்குள் இருக்கும் அந்தத் தீவை, ‘இன் நிலாவெளி’ என்று எங்களில் பலர் எழுதியிருந்தோம். அப்படி எழுதினால் ஊருக்குள்ளேயே நடந்து போய்ப் பார்க்கலாம் என்று விருந்தினர் எண்ணிவிடுவார்கள். படகுக் கட்டணத்தைச் சொல்லும்போது ஏமாற்றுகிறோம் என்ற சந்தேகமும் வந்துவிடும். ஆங்கிலத்தில் இதற்கென்றே ‘ஒஃப்’ இருக்கிறது: கரையை விட்டு விலகி, ஆனால் அந்தக் கரைக்கு உரியதாக, கடலில் இருப்பது. தமிழில் இதை ஒரே சொல்லில் சொல்ல எங்களால் முடியவில்லை; ‘நிலாவெளிக்கு நேரே, கரைக்கு அப்பால்’ என்று இரண்டு மூன்று சொற்கள் வேண்டியிருந்தன. அதுபோல மூதூரைப் பற்றி எழுதும்போது ‘நியர்’ என்று எழுதினால் போதாது. கொட்டியாரக் குடா இடையில் கிடக்கிறது. நேர்க்கோட்டில் கிட்டவாகத் தெரிந்தாலும் வீதியால் போனால் குடாவைச் சுற்றிப் போக வேண்டும். ‘எக்ரோஸ் த பே’ என்று எழுதினால் நடுவில் தண்ணீர் இருப்பதும் சேர்ந்து விளங்கிவிடுகிறது. ஒரு சொல் வழியின் தன்மையையே சொல்லிவிடுவதைக் கண்டபோது எனக்கு உண்மையான மகிழ்ச்சி உண்டாயிற்று.

‘முன்னால்’ என்ற சொல்லில் நாங்கள் எல்லோருமே தவறு செய்தோம். வீதியின் மறுபக்கத்தில் ஒரு கடை இருந்தால், வங்கிக்கு முன்னால் இருக்கிறது என்றுதான் சொல்வோம். வங்கியின் வாசலில் இருக்கும் இளநீர் வண்டிக்கும் அதே சொல்தான். ஆங்கிலத்தில் முதலாவதற்கு ‘ஒப்பசிற்’, இரண்டாவதற்கு ‘இன் ஃப்ரண்ட் ஒவ்’. வீதியைக் கடக்க வேண்டுமா வேண்டாமா என்பது அந்தத் தெரிவில் அடங்கியிருக்கிறது. பயணப் பெட்டியுடன் வெயிலில் வருபவருக்கு அது சிறிய விடயமன்று. திசை சொல்வதிலும் இப்படி ஒரு வேறுபாடு உண்டு. மாவட்டத்தின் வடக்குப் பகுதியில் ஓர் ஊர் இருந்தால் ‘இன் த நோர்த் ஒவ்’, மாவட்டத்துக்கு வெளியே வடக்கில் இருந்தால் ‘ரு த நோர்த் ஒவ்’. குச்சவெளி முதலாவது, முல்லைத்தீவு இரண்டாவது.

ஆட்களைச் சார்ந்த இடம் பற்றி ஆறாவது வாரம் கற்றோம். திறப்பு அக்காவிடம் இருக்கிறது என்பதில் வரும் ‘இடம்’ தமிழில் உயர்திணைக்கு உரிய உருபு. இதற்கு ‘அட்’ போட்டு எழுதுபவர்கள் எங்கள் வகுப்பில் பாதிப்பேர் இருந்தார்கள். ஆங்கிலத்தில் ‘வித்’ வர வேண்டும். வைத்தியசாலைக்கு வரும் இரண்டு வடிவங்களையும் அதே நாள் கேட்டோம். வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்து வேலை செய்யும் இளைஞர் ஒருவர், தாயாருக்குத் துணையாகச் சென்றிருந்தபோது தாம் ‘இன் ஹொஸ்பிற்றல்’ இருப்பதாக மேலாளருக்கு எழுதியிருக்கிறார். அது நோயாளியாக அனுமதிக்கப்பட்டவரைக் குறிக்கும். ஒரு வாரம் அவருக்கு வேலை எதுவும் கொடுக்காமல், உடல்நலம் விசாரித்தே செய்திகள் வந்தனவாம். ‘அட் த ஹொஸ்பிற்றல்’ என்றால் எவரும் அந்த இடத்தில் இருப்பதை மட்டும் சொல்லும்.

இவ்வளவும் தெரிந்த பின்னும் பேசும்போது ஏன் தடுமாறுகிறோம் என்பதற்கு ஆசிரியை ஒரு காரணம் சொன்னார். அது சரியென்றே நினைக்கிறேன். தமிழில் உருபு பெயருக்குப் பின்னால் வருகிறது. ‘சீனன்குடா’ என்று ஊரின் பெயரைச் சொல்லி முடித்த பிறகு ‘வில்’ சேர்ப்பதா, ‘விலிருந்து’ சேர்ப்பதா, ‘வுக்கு அப்பால்’ சேர்ப்பதா என்று முடிவு செய்யலாம். ஆங்கிலத்தில் பெயரை உச்சரிப்பதற்கு முன்பே அந்த முடிவை எடுத்தாக வேண்டும். மேலும், நாம் பெரிய இடத்திலிருந்து சிறிய இடத்துக்கு வருகிறோம்: திருகோணமலையில், உப்புவெளியில், இன்ன வீதியில், இன்ன வீட்டில். அவர்கள் வீட்டிலிருந்து புறப்பட்டு ஊருக்குப் போகிறார்கள். ஆகவே வாய் திறக்கும் கணத்தில் மிகச் சிறிய இடத்தையும் அதற்குரிய சொல்லையும் தயாராக வைத்திருக்க வேண்டும். இதற்காக ஒவ்வொரு வகுப்பின் தொடக்கத்திலும் ஐந்து நிமிடம் ஒரு பயிற்சி நடக்கும்: ஆசிரியை ஊரில் உள்ள ஓர் இடத்தைச் சொல்வார், நாங்கள் முன்னிடைச்சொல்லை மட்டும் உரக்கச் சொல்ல வேண்டும். முதலில் குழந்தைகளின் விளையாட்டாகத் தோன்றிய அந்தப் பயிற்சியை நான் இப்போதும் சந்தைக்குப் போகும் வழியில் எனக்குள்ளே செய்துகொள்கிறேன்.

இனிக் குறைகள். முதலாவதும் பெரியதும் விடைத் திருத்தம். மலையில் நின்று மூன்றும் சரி என்று கற்பித்த அதே ஆசிரியை, தாளில் ஒரு வினாவுக்கு ஒரே விடையைத்தான் ஏற்றுக்கொள்கிறார். ஹபரணையில் பஸ் மாறினோம் என்ற வாக்கியத்துக்கு ‘அட்’ சரி, ஏனெனில் பயணத்தில் ஊர் ஒரு தரிப்புப் புள்ளி. ஆனால் ‘இன்’ எழுதியவருக்கும் மதிப்பெண் கொடுத்திருக்க வேண்டும். ஆங்கிலம் தாய்மொழியாகக் கொண்டவர்கள் அங்கே இரண்டையும் சொல்கிறார்கள். ஒரு சிறு தெருவின் பெயருக்கு முன்னால் ‘இன்’ எழுதியதற்கு எனக்குச் சிவப்புக் கோடு விழுந்தது, அதுவும் முந்திய வாரம் அவரே பிரித்தானிய வழக்கு என்று கூறிய பிறகு. நான் கேட்டபோது, பரீட்சைக்குப் போகும் பிள்ளைகளும் வகுப்பில் இருப்பதால் ஒரு விடையை உறுதியாக வைத்திருக்க வேண்டியிருக்கிறது என்றார். அவருடைய சிரமம் எனக்கு விளங்குகிறது. ஆயினும் சாதாரண தர மாணவர்களையும் தொழில் செய்பவர்களையும் வேறு வேறு குழுவாக வைத்தால் இரு சாராருக்கும் நியாயம் கிடைக்கும்.

இரண்டாவதாக, புள்ளி, பரப்பு, வெளி என்ற விளக்கத்துக்குள் அடங்காத வழக்குகளையும் அவர் இழுத்து அடக்கப் பார்க்கிறார். தம்பலகாமத்தில் ஒருவர் வயலில் நிற்கிறார் என்றால் ‘இன்’ வருகிறது. அதே நிலம் பண்ணை என்று சொல்லப்பட்டால் ‘ஒன்’ வருகிறது. இதற்கு அவர் கொடுத்த விளக்கம் பத்து நிமிடம் நீண்டது, எவருக்கும் தெளிவாகவில்லை. இது வழக்கு, இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்று நேராகச் சொல்லியிருந்தால் நாங்கள் ஏற்றுக்கொண்டிருப்போம். கற்பவர்கள் விதிக்கு வெளியே இருப்பதைக் கண்டு அஞ்சுவதில்லை. விதிக்குள் இருப்பதாகச் சொல்லப்பட்டு, பின் அங்கே காணாதபோதுதான் நம்பிக்கை இழக்கிறார்கள்.

கேட்கும் பயிற்சி மிகக் குறைவு. இரண்டு வகுப்புகளில் மட்டும் ஒலிப்பதிவு போட்டார். வேகமான பேச்சில் இம்மூன்று சொற்களும் விழுங்கப்பட்டுவிடுகின்றன, ‘அட்’ ஏறக்குறைய காற்றாகவே கரைந்துவிடுகிறது. தொலைபேசியில் வழி கேட்கும் விருந்தினர் என்ன சொன்னார் என்று பிடித்துக்கொள்வதுதான் என்னைப் போன்றவர்களுக்குக் கடினம், அதற்குப் பயிற்சி போதாது. பயிற்சித் தாள்களில் சில, மங்கலான பிரதியிலிருந்து மீண்டும் எடுக்கப்பட்ட பிரதிகள்; படங்களில் பெட்டிக்குள் பந்து இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்று தெரியாத அளவுக்குக் கறுத்திருந்தன. இந்தப் பாடத்தில் படம் தெளிவில்லை என்றால் வினாவே இல்லை என்றுதான் பொருள். விறாந்தையில் பதினான்கு பேருக்குக் கதிரை போதுமானது. எங்கள் தொகுதியில் பத்தொன்பது பேர் இருந்தோம். மாலை ஆறு மணிக்குப் பின் நுளம்பு அதிகம்.

எங்களைப் போன்றவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. சித்திரை முதல் புரட்டாதி வரை உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் விருந்தினர் வரும் காலம். அக்காலத்தில் சனி, ஞாயிறு மாலைகளில் விடுதியை விட்டு அசைய முடியாது. மாரி காலத்தில் தொடங்கும் தொகுதியில் சேர்ந்ததால்தான் என்னால் பதினாறு வகுப்புக்கும் போக முடிந்தது. படகுக்காரரும் ஓட்டோக்காரரும் அந்தத் தொகுதியையே பார்த்துக்கொள்வது நல்லது. ஆங்கில வாக்கியத்தை ஓரளவு வாசிக்கத் தெரியாதவர்கள் உடனே சேர வேண்டாம். முதலில் அடிப்படை வகுப்பொன்றை முடித்துவிட்டு வந்தால் இதன் பயனை முழுமையாகப் பெறலாம். கட்டணத்தை இரண்டு தவணையாகக் கொடுக்க ஆசிரியை சம்மதிக்கிறார், வீட்டுப்பாடம் செய்யாமல் வந்தாலும் கடிந்துகொள்வதில்லை, ஆனால் வழி சொல்லும் ஒரு பத்தியாவது சொந்தமாக எழுதி வராதவரை நான்காவது வார மலைப் பயணத்துக்கு அழைத்துச் செல்லமாட்டார்.

எட்டாவது வாரம் எல்லோரும் தத்தம் தொழிலிடத்துக்கு வரும் வழியை எழுதிக் கொடுத்தோம். என்னுடையதில் ஆசிரியை இரண்டு திருத்தங்கள் செய்தார். இப்போது விருந்தினருக்கு அதைத்தான் அனுப்புகிறேன்: நகரத்திலிருந்து வரும்போது நிலாவெளி வீதியில் ‘ஒன்’, போர்வீரர் மயானத்தைக் கடந்ததும் கடல் இருக்கும் வலப்பக்கத்தில் இன்னொரு ‘ஒன்’, மருந்துக்கடைக்கு ‘ஒப்பசிற்’, ஓட்டோ காத்திருக்கும் இடம் ‘அட் த கேற்’. சென்ற வாரம் வந்த நால்வரும் ஒருமுறைகூடத் தொலைபேசி எடுக்காமல் நேராக வாசலுக்கு வந்து சேர்ந்தார்கள்.